மொட்டைவால் ஒதுக்கிய குட்டி

மார்ச் 3, செவ்வாய்

சலவைக் கடையில் இன்று முழுக்க நின்றபடியே இஸ்திரி. கால் இரண்டும் யாருடையவையோ போல இருக்கின்றன. வீட்டுக்கு வந்தால் குழந்தை வீறிட்டுக் கொண்டிருக்கிறான். தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். பிரசவமாகி மாதம் ஒன்றாகப் போகிறது. பால் கொடுக்கிறாள், கொடுத்த கையோடு என்னிடம் நீட்டிவிடுகிறாள். முகத்தைப் பார்ப்பதே இல்லை.

“பிள்ளை பெத்த உடம்பு, போகப் போகச் சரியாயிடும்” என்கிறார் அவள் கணவர், போனில். லாரியோடு எங்கோ இருப்பவருக்குச் சொல்வது சுலபம்.

மார்ச் 5

மாடிப்படிக்கு அடியில், பழந்துணிப் பெட்டியில், எங்கள் தெருப் பூனை மொட்டைவால் குட்டி போட்டிருக்கிறது. பூனைக்கும் பிரசவம் பார்க்க நான்தானா?

மார்ச் 6

மூன்று குட்டிகள். இரண்டை நக்கி நக்கி வயிற்றோடு அணைத்துக்கொள்கிறது. மூன்றாவதை நான் கொண்டுபோய்ச் சேர்த்து வைத்தால், கவ்வியெடுத்துப் பெட்டிக்கு வெளியே போட்டுவிடுகிறது. தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

கால்நடை மருத்துவரைப் போனில் பிடித்தேன். “மொதல்ல சூடு, அப்புறந்தான் பால். சில்லுனு இருக்கிற குட்டிக்குச் செரிக்காது. மாட்டுப்பால் வேணாம், குட்டிகளுக்குன்னு பால் பவுடர் இருக்கு. மல்லாத்தாம, குப்புற வெச்சுக் குடுங்க.”

கேட்டுக்கொண்டே படுத்திருந்த தங்கை எழுந்து உட்கார்ந்தாள். “இங்க குடுக்கா.”

குட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். தொட்டிலில் அவன் அழுதான். நான்தான் தூக்கினேன்.

மார்ச் 8

சொட்டுச் சொட்டாகப் பால் விடுகிறாள். ஈரப் பஞ்சால் குட்டியின் அடிவயிற்றைத் தடவிவிடுகிறாள். அப்போதுதான் மூத்திரம் போகுமாம். தாய் நாக்கால் செய்கிற வேலை.

“அதுவும் அம்மாதானே. ஏன் வேணாம்னுச்சு?”

“தேறாதுன்னு தெரிஞ்சிருக்கும்.”

“இல்லக்கா. அதுக்கே முடியல போல.”

மார்ச் 9

கத்திவிட்டேன். “பூனைக்குட்டி மேல இருக்கிற பாசம் பெத்த புள்ள மேல இல்லையாடி?” அவள் குட்டியோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் வாயா இது?

மார்ச் 11

குட்டி போய்விட்டது. காலையில் அவள் உள்ளங்கையில் அசையாமல் கிடந்தது. அவள் அழுதாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் அழுது இன்றுதான் பார்க்கிறேன். வயிற்றிலிருந்து வந்த அழுகை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“என் கையில எதுவும் பொழைக்காதுக்கா. அதான் அவனத் தூக்கறதில்ல. தூக்கினா கீழ போட்ருவேனோன்னு... எந்நேரமும் அதே நெனப்பு. சொன்னா என்ன நெனப்பீங்களோன்னு சுவரப் பாத்துப் படுத்துக்குவேன்.”

நான் திமிர் என்றல்லவா நினைத்தேன்? சோம்பல் என்றும்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு —

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்: “எனக்கு என்னமோ சரியில்ல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக்கா.”

மார்ச் 12

கடைக்கு லீவு. பிரசவம் பார்த்த டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “இது நோய்மா. நெறையப் பேருக்கு வருது. கெட்ட அம்மான்னு அர்த்தம் இல்ல.” மாத்திரை எழுதினார், வாரம் ஒரு தடவை பேச வரச் சொன்னார். சரியாகும் வரை அவளைத் தனியாக விட வேண்டாம் என்று என்னிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் அவள் கணவருக்குப் போன் போட்டேன். “லாரிய வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு வாங்க. என்னால ஒருத்தியா முடியல.” மறுமுனையில் எஞ்சின் சத்தம் நின்றது. பிறகு, “கெளம்பிட்டேன்” என்றார்.

மார்ச் 20

மீதி இரண்டும் கண் திறந்துவிட்டன. மொட்டைவால் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் குடிவைத்துவிட்டது. துரத்தத் தெம்பில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 29

இன்றும் சுவர்ப் பக்கம்தான் படுத்திருந்தாள். மாத்திரை வேலை செய்ய நாளாகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அவள் கணவர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டையே அளந்துகொண்டிருக்கிறார். லாரி ஓட்டுவது இதைவிடச் சுலபமாம்.

ஏப்ரல் 19

குட்டிகள் பால் கேட்டு முட்டினால் மொட்டைவால் எழுந்து போய்விடுகிறது. பல் முளைத்துவிட்டது, கடிக்கும்தானே. தங்கைக்கு நல்ல நாளும் வருகிறது, கெட்ட நாளும் வருகிறது.

கடையிலிருந்து வந்து தட்டோடு உட்கார்ந்தேன். அவள் கணவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். முதல் வாய் எடுக்கும்போது தொட்டிலில் அழுகை. கையை உதறிவிட்டுப் பாதி எழுந்துவிட்டேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. “வர்றேன்டா, வர்றேன். பெரியம்மா சாப்பிடட்டும்.”

மறுபடி உட்கார்ந்தேன். சாப்பாடு இன்னும் சூடாகத்தான் இருந்தது.