ஒரே புள்ளிக்கு மூன்று விடை

2024 மே 11, சனி
பேராதனை வகுப்பில் குவிவுச் சேர்மானம். ஒரு சதுரம், உள்ளே ஒரு புள்ளி. நான்கு மூலைகளுக்கும் பங்கு போட்டு, ஒவ்வொரு மூலையையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டி, அந்தப் புள்ளியைக் கொண்டுவர வேண்டும். பங்கு மறை எண்ணாகக் கூடாது, பூச்சியமாகலாம். பங்குகள் எல்லாம் கூட்டினால் ஒன்று. கேட்கும்போது விளங்கியது. பஸ் ஏறியதும் போய்விட்டது. இந்தப் பாடத்தில் இரண்டு தடவை விழுந்தாயிற்று. இதுவும் போனால் வீட்டிலிருந்தே படிக்கும் இந்த வெளிவாரிப் பட்டம் அவ்வளவுதான்.

மே 13
அக்குறணைக் கடையிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர்தான் நான் செய்த கணக்குகளைப் பார்ப்பார். கணிதம் தெரியாது, புத்தகத்தின் பின்பக்க விடையோடு ஒத்துப் பார்த்து சரி, பிழை போடுவார்.
மூலைகள் (0,0), (4,0), (4,4), (0,4). புள்ளி (2,1). வரிசையாக என் பங்குகள் கால், அரை, பூச்சியம், கால். புத்தகத்தில் அரை, கால், கால், பூச்சியம். பிழை போட்டார். எங்கே பிழைத்தேன்?

மே 14
திரும்பவும் அதே விடை. தல ஓடல.

மே 16
என்னோடு படிக்கும் ஹபீலாவுக்கு போன் போட்டேன். அவளுக்கு எட்டில் மூன்று, எட்டில் மூன்று, எட்டில் ஒன்று, எட்டில் ஒன்று. இது எங்கேருந்து வந்துச்சு? அவளும் குழம்பிப்போனாள்.
சாப்பிடும்போது இவர் சொன்னார்: "ஏன் ஒடம்பக் கெடுத்துக்கிற? இந்த வருசத்தோட விட்ரு அன்னம்."
கோபமாகச் சொல்லவில்லை. அதான் தாங்க முடியல. சரி, பரீட்சைக்குப் போகலன்னுட்டேன்.

மே 19, ஞாயிறு
தேங்காய் துருவும்போது தோன்றியது — என் விடையையே சந்தேகப்பட்டேனே, புத்தகத்து விடையை ஏன் பெருக்கிப் பார்க்கவில்லை? பார்த்தேன். (2,1). என்னுடையது? (2,1). ஹபீலாவுடையதும்.
மூன்றும் சரி. எப்படி? முக்கோணமாக இருந்தால் ஒரே வழிதான். நான்காவது மூலை வந்ததும் பங்கை மாற்றிப் போட இடமிருக்கிறது. என்னுடையதில் பாதி, புத்தகத்து விடையில் பாதி சேர்த்தேன். ஹபீலாவின் விடை வந்து நின்றது.
இவரிடம் காட்டினேன்.
"அப்ப நான் பிழை போட்டது?"
"அதுதாங்க பிழை."
கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பெருக்குறது எப்படின்னு காட்டு."

2025 பெப்ரவரி 2
போகலன்னு சொன்ன பரீட்சைக்குப் போனேன். அந்தப் பாடம் பாஸ். வெறும் C.
அடுத்த பாடம் ஒன்றும் விளங்கவில்லை. இன்றைய கணக்கில் என் விடை ஒன்று, பின்பக்கத்தில் வேறொன்று. இவர் பிழை போடவில்லை. பென்சிலை எடுத்து, உதடு அசைய, இரண்டையும் தனித்தனியே பெருக்கிப் பார்த்தார். தேத்தண்ணீர் ஆறிப்போனது.
"இந்தத் தடவ ஒன்னோடதுதான் பிழை," என்றார்.
பார்த்தேன். ஆமாம், பிழைதான்.