சாம் குடும்பங்கள் குடித்த காபி

12 அக்டோபர் 1996, சனி. ஹூஸ்டன். புழுக்கம்.

இன்றைய பரிசோதனை முழுக்கப் பாழ். பாழாக்கியது எங்கள் வீட்டுக் காபி.

எங்கள் அரிசிக் கடைக்குப் பின்னால் இருக்கும் ஹால், மூன்று சனிக்கிழமைகளுக்கு டாக்டர் லானுக்கு வாடகை. வியட்நாம்காரம்மா, மருந்து ஆராய்ச்சி. ஒரே மாத்திரையைச் சிலர் உடம்பு சீக்கிரம் கரைத்துத் தள்ளுமாம், சிலர் உடம்பில் தங்குமாம். கரைக்கும் என்சைம் பிறவியிலேயே அமைவது. வியட்நாமுக்குள்ளேயே இனத்துக்கு இனம் வித்தியாசம் உண்டா என்பதுதான் அவர் கேள்வி. முந்தின நாளிலிருந்து காபி, டீ கூடாது. வந்ததும் அளந்த காபி ஒன்று; அதையும் அதே என்சைம்தான் கரைக்குமாம். பிறகு சிறுநீர் பிடித்துச் சோதனை.

பெரும்பான்மையான கின் இனத்தார், சீன வம்சத்தார் முடிந்தது. அப்போது என் மனைவி செல்வி டாலஸில், மகள் வீட்டில். இன்று சாம் முஸ்லிம்கள், வியட்நாமின் சிறுபான்மை இனம். ஊரில் சில குடும்பங்களே. பக்கத்து ஹலால் கறிக்கடை மூசா பாயும் சாம்தான்; அவர் பேசிக் கூட்டிவந்தது.

நான் அரிசி கன்டெய்னர் பார்க்கப் போன நேரத்தில், செல்வி எல்லோருக்கும் டிகாஷன் காபி.

"ஏனுங்க, வாசலேறி வந்தவங்கள வெறும் வாயோட உக்கார வெப்பாங்களா?"

"அவங்களாவது வேண்டாம்னு சொல்லலியா?"

"ரெண்டாவது டம்ளர் கேட்டாங்கங்க!"

டாக்டர் திட்டவில்லை. "மிஸ்டர் சாமி, இவங்க இல்லாம 'வியட்நாமியர்'னு எழுதினா அது பொய்" என்று மட்டும் சொன்னார்.

செல்வியிடம் சொல்லாமல் விட்டது நான். சரிசெய்வதும் நான்தான்.

13, ஞாயிறு

மூசா பாய் கடை. ஆட்டுத்தொடை வெட்டிக்கொண்டே பேசினார், நிமிரவில்லை.

"வீட்டம்மா கையால தர்றாங்க. வேண்டாம்னு சொல்ல நாங்க மரியாதை தெரியாதவங்களா? மறுபடி எல்லாம் வர முடியாது."

கூலி தருகிறேன் என்றேன். அரிசி மூட்டை என்றேன். அசையவில்லை. காசால் அசையாத ஆளிடம் வேறு ஏதோ காரணம் இருக்கும். கறியைப் பொட்டலம் கட்டக் கை கொடுத்தேன்.

வந்தது. மருமகள் மரியம். காசநோய் மாத்திரை தின்றால் பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது. எல்லோரும் தின்பதுதானே என்று கிளினிக்கில் அனுப்பிவிட்டார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டாள். வீட்டில் கைக்குழந்தை. நேற்று அவளும் காபி குடித்துவிட்டாள்.

"அவளுக்காகத்தான் எல்லாரையும் கூப்பிட்டேன். ஆனா முடிவு நம்பரா புத்தகத்துக்குப் போகுமாம். எங்களுக்கு என்ன லாபம், சாமி?"

நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

14, திங்கள். மழை.

டாக்டருக்கு போன். மரியம் பெயர் சொன்னதும் குரலே மாறியது. அந்த மாத்திரையைக் கரைக்கும் என்சைமைத்தான் இந்தக் காபிச் சோதனை காட்டுமாம். மெதுவாகக் கரைந்தால் மருந்து தங்கி நரம்பைத் தொடலாம். அதற்கு வைட்டமின் உண்டு. மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது. "சனி வரைக்கும் காத்திருக்க முடியாது, இன்னைக்கே பார்க்கறேன்."

செல்வி: "எனக்கு அரை டம்ளர் குடிச்சா விடிய விடிய முழிப்பு. நீங்க குடிச்சுட்டுக் கொறட்டை. அந்தப் புள்ள பொய்யா சொல்லும்?"

15, செவ்வாய்

மரியம் நேற்று இரவே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தாள், வைட்டமினோடு.

மூசா பாய், டாக்டர், நான். கறிக்கடையிலேயே பேசி முடித்தது:

வரும் சனி, எல்லாக் குடும்பமும். மரியம் முதலில். முடிவை டாக்டர் அவரவரிடம் நேரில், அவரவர் மொழியில் சொல்வது. ஹால் வாடகை இல்லை. அன்றைய கூலி என் பொறுப்பு. கடைசிச் சிறுநீர்ப் புட்டி மூடிய பிறகே செல்வியின் காபி. ஆளுக்கு இரண்டு டம்ளர்.