எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

மே 18, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். வெள்ளிமலை ரோட்டில் மேடு ஏறி இறங்கி ஓட்டம். முழங்கால் பரவாயில்லை. திரும்பி வந்து மரவள்ளிக் காட்டில் களை. "ஓட்றதுக்கு மட்டும் ஒடம்பு வளையுது" என்று அம்மா.

வியாழன் காலை சென்னையில் செலக்‌ஷன். கல்லூரி அணியில் எடுத்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட், ஹாஸ்டல். பி.எஸ்ஸி. கணிதம் படிக்கணும், 1500 மீட்டரும் ஓடணும். இரண்டும் வேண்டும். ஒன்றை விடு என்று யார் சொன்னாலும் கடுப்பு வருகிறது.

மே 19, திங்கள்

நாளை சாயங்காலம் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. கட்டும்போது ஊருக்குள் இருப்பவர் யாரும் திருவிழா முடியும்வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது. தங்கினால் குற்றம் அந்த வீட்டுக்கு. அதற்கு முன்பே நான் மதிய பஸ்ஸில் மலையிறங்கிவிடுவேன்.

இந்த வருடம் கரகம் எடுப்பது அப்பா. பல வருடம் கேட்டுக் கிடைத்தது. தாடியும் மஞ்சள் வேட்டியுமாக, செருப்பில்லாமல் திரிகிறார். பார்ப்பவரிடமெல்லாம், "எம் பொண்ணு கணக்குப் படிக்கப் போவுது." ஓட்டத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. அது அவருக்கு விளையாட்டு, அவ்வளவுதான்.

பையில்: ஷூ, டி-ஷர்ட், மார்க் ஷீட், முழங்கால் பட்டை. சோப்பு மறக்காதே.

மே 20, செவ்வாய்

பஸ் வரவில்லை. மலைப்பாதையில் மரம் விழுந்துவிட்டதாம். வரும், வரும் என்று நிழற்குடையிலேயே உட்கார்ந்திருந்தேன். நடந்தாவது கிளம்பியிருக்கலாம். முட்டாள்.

மழை பெரிதாகும் என்று சீக்கிரமே காப்புக் கட்டிவிட்டார்கள். கொட்டு கேட்டபோது நான் எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போயிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என்னை மட்டும் விடச் சொல்லி அப்பா போய்க் கேட்டார். ஊர்ப் பெரியவர்: "ஓட்டம் அடுத்த வருசமும் வரும்பா. ஆத்தா கோவிச்சிக்கினா ஊரே தாங்காது."

அடுத்த வருடம் எனக்கு வராது. +2 முடித்த பிள்ளைகளைக் கல்யாணம் பேசாமல் ஒரு வருடம் யார் வீட்டில் வைத்திருக்கிறார்கள்?

மே 21, புதன்

விடியுமுன் அப்பா எழுப்பினார். கையில் என் பை.

"கெளம்பு. மரத்த வெட்டிட்டாங்களாம்."

"உனுக்கு கரகம்?"

"அத்த நான் பாத்துக்கறேன். நீ பஸ்ஸப் புடி."

அம்மா அழுகை. "போவாதடி, வூட்டுக்கு இன்னா வருமோ." காலைத் தொடப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

எல்லைக் கல்லைத் தாண்டும்போது பயம். நிஜமான பயம். மூடநம்பிக்கை ஒழிப்பு என்று பேச்சுப்போட்டியில் முழங்கிப் பரிசு வாங்கினவள் நான்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் ஸ்கூல் பி.டி. சார் சென்னை பஸ் ஏற்றிவிட்டார். தங்குவது அவருடைய அக்கா வீட்டில். உளுந்தூர்பேட்டையில் டீ. குடித்ததும் வாந்தி.

மே 22, வியாழன்

புழுக்கம். இரண்டாவதாக வந்தேன். எடுத்துக்கொண்டார்கள்! மைதானத்திலேயே குந்தி அழுதேன்.

அப்புறம் கல்லூரி கோச்: "இன்னா கோர்ஸ்மா?"

"மேத்ஸ் சார்."

சிரித்தார். "பிராக்டீஸ் நேரத்துலதான் மேத்ஸ் கிளாஸ். ஸ்போர்ட்ஸ் பசங்களுக்கு எப்பவும் ஹிஸ்டரிதான். அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துப்போம்."

"ரெண்டும் பண்ணுவேன் சார்."

"எல்லாரும் இப்டித்தான் சொல்லுவாங்க. மேத்ஸ்தான் வேணும்னா மார்க்ல சீட் வாங்கிக்க. டீம்ல உன் எடத்துக்கு வேற புள்ள ரெடி. நாளைக்குச் சொல்லு."

என் மார்க்குக்கு அங்கே கணிதம் கிடைக்காது. எனக்கே தெரியும். சாப்பிடவில்லை.

மே 23, வெள்ளி

காலையில் ஹிஸ்டரி என்று சொல்லிவிட்டு வந்தேன். கோச் தோளில் தட்டினார். எரிச்சலாக இருந்தது.

மதியம் அம்மா போன். புதன் ராத்திரி நான் ஊரில் இல்லை என்று கூட்டம் போட்டார்களாம். "கரகத்த ஒஞ் சித்தப்பன்கிட்ட குடுத்துட்டாங்க. உங்கப்பன் கோயிலாண்டயே வரக் கூடாதாம். சோறு துன்னாம ஒக்காந்துகினு கீறாரு." திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. போனை அப்பாவிடம் கொடுத்தாள்.

"ஓடனியா?"

"ரெண்டாவதுப்பா. எடுத்துக்கினாங்க."

போனில் தூரத்தில் கொட்டுச் சத்தம். அவர் வீட்டுக்குள்ளே இருந்திருக்க வேண்டும்.

"கணக்கு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கப்பா" என்றேன்.

"அப்ப செரி" என்றார்.