மூக்கு நிமிர்ந்த ஜீப்

இன்று காலை பக்கத்து வீட்டிலிருந்து துருவும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வந்தது. அடுப்படியில் நின்ற எனக்கு உடனே உங்கள் நினைவு வந்துவிட்டது. மற்ற பெண்களுக்குப் புருஷன் நினைவு வர மல்லிகைப் பூ போதுமாம். எனக்கு இறுகிப்போன நட்டில் ஊற்றிய மண்ணெண்ணெய்.

எட்டிப் பார்த்தேன். அந்த வீட்டு மருமகன் தன் புது ஜீப்பை வாசலில் நிறுத்தி முன் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். வண்டியின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறதாம். அதைச் சமமாக்க லெவலிங் கிட் என்று ஒன்று அட்டைப் பெட்டியில் வந்திருக்கிறது. ஸ்பிரிங்குக்கு மேலே தடித்த வளையம் ஒன்றை வைத்து முடுக்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்துவிட்டது. யாரையும் திட்டவில்லை, சுத்தியலைத் தூக்கி எறியவில்லை, 'பொட்டச்சி கண்ணு பட்டுத்தான் நட்டு வரமாட்டேங்குது' என்று சொல்லவும் இல்லை. இதே வேலையை நீங்கள் செய்த லட்சணத்தை நினைத்துக்கொண்டேன்.

நம்முடையது எழுபதுகளின் கடைசியில் வாங்கிய பழைய மிலிட்டரி ஜீப். பனமரத்துப்பட்டி ஏரியைச் சுற்றி நம் ஒரு வீட்டில்தான் ஜீப் என்று நீங்கள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தீர்கள். அது போதாதென்று நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் கிடந்த பம்பரைக் கொண்டுவந்து அதன் முகத்தில் மாட்டினீர்கள். லாரியைத் தாங்கும் இரும்பு. அதைச் சுமந்த ஜீப்பின் முன்பக்கம், வண்டியைத் தாங்கும் வில்லான கமான் பட்டை அமுங்கிப்போய்த் தலை தொங்கிவிட்டது. அந்தப் பட்டறைக்காரர்களே உங்களைக் கேலி செய்தார்கள்.

"ஏனுங்க, ஜீப்பு தலயக் குனிஞ்சுட்டே வருது, ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டுதுங்களா?"

நீங்கள் அன்று இரவு சாப்பிடவில்லை. நான் சோற்றை மூடி வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"அந்த பம்பரக் கழட்டிப் போட்டீங்கன்னா அதுவே நிமிந்துக்குமுங்க."

"கமானப் பத்தி உனக்கென்ன தெரியும்? போயி சோத்து வேலயப் பாரு."

பாரத்தை இறக்குவது உங்கள் குடும்ப வழக்கத்தில் இல்லை. ஆகவே மூக்கைத் தூக்க முடிவு செய்தீர்கள். லாரியின் கமான் பட்டையில் இரண்டை எடுத்து, கொல்லனிடம் அகலம் குறைக்கச் சொல்லி, ஜீப்பின் கமான் கட்டில் செருகிவிட்டால் நிமிர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டீர்கள். பட்டறைக்குப் போனால் கேலி செய்தவர்களுக்குத் தெரிந்துவிடுமே, அதனால் வீட்டு வாசலிலேயே வேலை. வேலிக்கு ஊன்றக் கிடந்த கல்லுக்கால்களை அடுக்கி, லாரி ஜாக்கியால் தூக்கி, ஜீப்பை அதன் மேல் உட்கார வைத்தீர்கள். சக்கரம் இல்லாமல் அது பந்தலில் கட்டிய கிடாயைப் போல அசையாமல் நின்றது. நீங்கள் அதன் அடியில் படுத்து அதட்டிக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் காலையில் நாமகிரிப்பேட்டையிலிருந்து என் தம்பியின் பண்ணையாள் பஸ் ஏறி வந்தான்.

"அக்கா, அம்மாவுக்குச் சுத்தமா முடியலீங்க. உங்களத்தான் கேட்டுட்டே இருக்கறாங்க. பன்னண்டு மணி பஸ்ஸுக்குப் போயரலாம், நானும் கூட வாரேன்."

நான் புடவை மாற்றிக்கொண்டு பையோடு வெளியே வந்தேன். நீங்கள் வண்டிக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினீர்கள். முகமெல்லாம் கிரீஸ்.

"பஸ்ஸுல போயி எறங்குனா உங்கூட்டுக்காரங்க என்னய என்னன்னு நெனப்பாங்க? ஒரு மணி நேரம் பொறு புள்ள. ராணியாட்டங் கூட்டிட்டுப் போறேன்."

நான் பொறுத்தேன். அந்தக் காலத்தில் புருஷன் சொல்லைத் தட்டுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பண்ணையாளை முன்னால் அனுப்பி, அக்கா ஜீப்பில் வந்துகொண்டே இருக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னேன்.

அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போயிற்று என்று நினைவிருக்கிறதா? பட்டையைச் செருகியதும் கட்டு தடித்துவிட்டது. அதைச் சுற்றி இறுக்குகிற யூ போல்ட் எட்டவில்லை. நீளமான போல்ட் வாங்க மல்லூருக்கு ஆள் போனான். அவன் வருவதற்குள் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டை முறித்து வைத்தீர்கள். அதற்கு இன்னொரு ஆள் போனான். நான் வாசல்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணி பஸ் போகும் சத்தம் கேட்டது. மூன்று மணி பஸ்ஸும் போனது. ஒவ்வொரு முறையும் நீங்கள், "ஆச்சு, ஆச்சு" என்றீர்கள்.

பொழுது சாயும் நேரத்தில் ஜீப் தரையில் இறங்கியது. மூக்கு நிமிர்ந்துதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. நீங்கள் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதை அழகு பார்த்தீர்கள். எங்கம்மா சாகக் கிடக்கிறபோது.

ராசிபுரம் தாண்டும் முன் இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டீர்கள். வெளிச்சம் பனைமர உச்சிக்குப் போனது. மூக்கு நிமிர்ந்தால் விளக்கும் நிமிரும் என்று உங்களுக்குத் தோன்றவில்லை. ரோடு தெரியாமல் மாட்டுவண்டிக்குப் பின்னால் ஊர்ந்தோம். லாரிப் பட்டை ஒரு குழிக்கும் வளைந்து கொடுக்கவில்லை, என் தலை மேல்கம்பியில் இடித்தபடி வந்தது. பக்கத்து வீட்டு மருமகன் இன்று சாயங்காலம் வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, விளக்கைக் கீழே தணித்துவைத்தார். அதற்கு ஒரு சின்ன திருகு இருக்கிறது. உங்கள் ஜீப்பிலும் இருந்திருக்கும்.

நாம் போய் இறங்கியபோது வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வெளக்கு வெக்கற வரைக்கும் வாசலயே பாத்துட்டு இருந்தாங்க அக்கா. 'வண்டிச் சத்தங் கேக்குதா சாமி, வண்டிச் சத்தங் கேக்குதா'ன்னு கேட்டுட்டே இருந்தாங்க."

நான் உள்ளே விழுந்து அழுதுவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். நீங்கள் என் பெரியப்பா மகனிடம் ஜீப்பின் முன்பக்கத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். "நானே ஊட்டுல பண்ணுனனுங்க, பட்டறைக்கே போகல" என்றது என் காதில் விழுந்தது. அந்த நொடியில் உங்கள் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. வாயில் 'ங்க' மட்டும் மிச்சம் இருந்தது, பழக்கத்தினால்.

பிறகு ஒருநாள் நீங்களாகவே, "அவங்க விதி முடிஞ்சுது, நாம என்ன பண்ண முடியும்?" என்றீர்கள். யூ போல்ட் குட்டையாக இருந்தது அவர்கள் விதியா?

அதற்கப்புறம் நான் அந்த ஜீப்பில் ஏறவில்லை. எங்கே போனாலும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். நீங்கள் ஜீப்பை உருட்டிக்கொண்டு கூடவே வருவீர்கள்.

"ஏறு புள்ள. ஊரு பாக்குது."

"பாக்கட்டுங்க."

மன்னிப்பு என்ற சொல் உங்கள் வாயில் வரவே இல்லை. ஆனால் நான் பஸ் ஏறும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள். அதையும் நான் மறக்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளில் நீங்கள் போன பிறகு, கருமாதி முடிந்து ஜீப்பை எடுத்துப்போக இரும்புக் கடைக்காரன் வந்தான். முதலில் அந்த லாரி பம்பரைக் கழற்றிக் கீழே போட்டான். பாரம் போனதும் ஜீப் இன்னும் மேலே எழுந்து வானத்தைப் பார்த்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று உங்கள் தங்கை என்னைத் தாங்கிப் பிடித்தாள். "நான் அன்னைக்கே சொன்னனுங்களே" என்று சொல்லியபடி நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது.

இன்றைக்கும் தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அம்மாவின் குரலில்தான் எனக்குக் கேட்கிறது. அதை நான் சாகும்வரை சுமப்பேன், அதில் வருத்தம் இல்லை. நான் அன்று சொன்னது சரி, பம்பரைக் கழற்றியிருந்தால் அம்மாவின் முகத்தைப் பார்த்திருப்பேன். இதை ஒத்துக்கொள்ள வேண்டிய ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டீர்களே, ஏனுங்க?