சுவரில் உள்ள எங்கள் ஊர்த் திட்டத்தின் மேல் வெள்ளையடிக்க வேண்டாம்

அனுப்புநர்:
தை. ஜெபின்,
ஒப்பந்தத் தொழிலாளி,
நடுக்கரைமேடு,
நெய்வேலி வழி.

பெறுநர்:
திட்ட அலுவலர் அவர்கள்,
பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல ஊரகத் திட்டக் குழு,
கடலூர்.

பொருள்: நடுக்கரைமேடு சமுதாயக்கூடச் சுவரில் ஊரார் வரைந்த திட்டத்தைக் காக்கவும், அந்தச் சுவரின் எதிரிலேயே கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தவும் வேண்டி.

மதிப்பிற்குரிய அய்யா,

1. எங்கள் ஊரின் அடுத்த பத்தாண்டுத் திட்டத்தை மக்களோடு சேர்ந்து தயாரிக்கப்போவதாகத் தங்கள் அலுவலகம் அறிவித்தது. நாங்கள் அதை நம்பிவிட்டோம்.

2. ஊரில் பாதிப் பேர் விவசாயத்தோடு சுரங்கத்திலும் வேலை பார்ப்பவர்கள். முதல் ஷிப்டு வீடு திரும்பும்போது இரண்டாம் ஷிப்டு பஸ் ஏறியிருக்கும். எல்லாரும் ஒன்றாக உட்கார வழியில்லாததால், சமுதாயக்கூடத்தின் வெளிச்சுவரில் ஊரின் வரைபடத்தைக் கரியால் வரைந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கும் ஒவ்வொரு ஷிப்டும் தன் யோசனையைச் சாக்கட்டியால் சேர்த்துவிட்டுப் போனது. சுரங்கத் தண்ணீர் ஏரிக்கு வரும் வாய்க்கால், மாடு போகும் பாதை, நிழல் மரங்கள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

3. திட்டம் முடிந்தது என்று பார்த்தால் நெற்களம் மூன்று இடங்களில் இருந்தது. ஒவ்வொரு ஷிப்டும் தன் தெருப் பக்கம் ஒன்று வரைந்துவிட்டு, மற்றவர்கள் வரைந்த சதுரத்தை வாலிபால் மைதானம் என்று நினைத்திருக்கிறது. மாடு ஓட்டிவந்த பட்டம்மாள், “களத்த மூணாப் போட்டுக்கினு நிக்கிறீங்களே, வெய்யிலும் ஷிப்டு மாறி வருமாப்பா?” என்று கேட்டார். அந்த ஞாயிறு, விடுப்பு போட்டவர்களும் சேர்ந்து, மூன்று ஷிப்டும் சுவர் முன் கூடின. சண்டை போட்டோம், சிரித்தோம், ஏரிக்கரையோரம் ஒரே களம் என்று முடிவு செய்தோம். திருவிழாவுக்குக்கூட எங்கள் ஊர் இப்படி முழுதாகக் கூடி நான் பார்த்ததில்லை. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியையும் இம்மனுவில் பதிவு செய்கிறேன்.

4. தங்கள் கூட்டமோ அறுவடை நேரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடலூரில் நடந்தது. எங்களில் ஒருவராலும் வர முடியவில்லை. ஆகவே ஆட்சேபணை இல்லை என்று பதிவாகிவிட்டது. நாங்கள் களம் குறித்த இடத்தில் தங்கள் திட்டத்தில் நீரூற்றுப் பூங்கா இருக்கிறது. களம் இல்லாததால் நாங்கள் நெல்லைத் தார்ச்சாலையில் காயப்போடுகிறோம். சென்ற ஆண்டு அங்கே நெல் கிளறிக்கொண்டிருந்த பிரபாவதி அக்காவின் கால்மேல் லாரி ஏறியது. நீரூற்றைப் பார்க்க அவர் எப்படி நடந்து வருவார் என்று தங்கள் திட்டத்தில் இல்லை.

5. சென்ற வாரம் அந்தச் சுவருக்கு வெள்ளையடித்து, ‘மக்கள் பங்கேற்பே நம் திட்டம்’ என்று எழுதுமாறு தாங்கள் அனுப்பிய பெயிண்டர் சுதாகர் வந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை. இது என்ன படம் என்று கேட்டார், சொன்னோம். குள்ளஞ்சாவடிக்காரர்; அவர் வீட்டு நெல்லும் சாலையில்தான் காய்கிறதாம். சுண்ணாம்பு வாளியை ஓரமாக வைத்துவிட்டு, மழையில் கரையாதபடி வாய்க்காலை நீலத்திலும் களத்தை மஞ்சளிலும் பெயிண்டால் தீட்டிக்கொடுத்தார். ஊரே சுற்றி நின்று கை தட்டியது. பிறகு தாங்கள் சொன்ன வாசகத்தையும் படத்துக்கு மேலே எழுதினார். வாசகம் அழகாக இருக்கிறது. அதன் கீழே இப்போது ஒரு திட்டமும் இருக்கிறது.

6. ஆகவே, சுவருக்கு வெள்ளையடிக்காமலும், சுதாகர் மீது நடவடிக்கை எடுக்காமலும், செவ்வாய்க்கிழமைப் பதிவை ரத்து செய்தும், வரும் ஞாயிறு பிற்பகல் அந்தச் சுவரின் முன் கூட்டம் நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நாற்காலியும் மோரும் எங்கள் பொறுப்பு. ஞாயிறு இயலாவிட்டால் எந்த நேரத்திலும் வரலாம்; ஏதாவது ஒரு ஷிப்டு ஊரில் இருக்கும். தங்களுக்கும் ஒரு சாக்கட்டி எடுத்து வைத்திருக்கிறோம்.

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
தை. ஜெபின்
(மூன்று ஷிப்டுகளின் சார்பாக)

இடம்: நெய்வேலி
நாள்: 17.02.2025