கன்னத்துப் புண்ணுக்கு வேர் பல்லில்

அண்ணா,

உன் எக்ஸ்ரே படத்தை நேற்றே பல் டாக்டரம்மாவிடம் காட்டினேன். புற்றுநோய் இல்லை! கூலிப் போராட்டத்தில் தாடையில் விழுந்த அடியில் ஒரு பல் செத்துவிட்டதாம். அதன் வேரில் கட்டும் சீழ், வாய்க்குள்ளிருந்து கன்னத்துத் தோல்வரை வழி பண்ணிக்கொண்டது. வரப்பில் நண்டு வளை மாதிரி. மூன்று வருஷமாக அந்த வளையின் வெளிவாயில் மட்டும் மஞ்சள் பற்றுப் போட்டோம்!

"சாகப்போறவனுக்கு எதுக்குடி கல்யாணம்?" என்று ராத்திரி கத்தினாய். சொல்லவே விடவில்லை. "பல்லைப் புடுங்குனா புண்ணு தானா மூடிக்கும்மா" என்கிறார் டாக்டர்.

ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கத் தஞ்சாவூருக்கு முன்னால் போகிறேன். பழையதைச் சாப்பிட்டுவிட்டு ஏழு மணி ரயிலில் வா. சாவியைப் பக்கத்து வீட்டு நீலாம்பாள் அக்காவிடம் கொடு.

தங்கம்

பி.கு.: வலங்கைமான் பெண் வீட்டுக்கு நீ எழுதிய மறுப்புக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. அரிசிப் பானைக்குள் இருக்கிறது. நீயே கிழித்துப்போடு.