வெறுங்கையோடு ஏறிய மலை

பங்குனி, ஞாயிறு இரவு. நல்லதண்ணி, மலையடிவாரம்.

கால் கடுக்கிறது. மூட்டை தூக்கும் நாட்களில்கூட இப்படிக் கடுத்ததில்லை.

இன்று மனைவி செல்வியோடு சிவனொளிபாதமலைக்குப் போய் வந்தேன். யாத்திரை சீசன் முழுக்க உச்சிவரை சாமான் சுமக்கிறவன் நான். சுமையில்லாமல் ஏறியது இன்றுதான். ஆனாலும் முதுகு தானாகக் குனிந்துகொண்டது. "நிமிந்து நடங்க. ஒங்க மேல யாரும் மூட்ட வைக்கல" என்று வழியெல்லாம் சிரித்தாள்.

உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. மலைக்கு எத்தனை முறை வந்தோமோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். செல்விக்கு இதுதான் முதல் தடவை, ஒன்று அடித்தாள். நானும் ஒன்று அடித்துவிட்டு நகர்ந்தேன்.

"என்னங்க, ஒண்ணோட விட்டுட்டீங்க?"

"மத்ததெல்லாம் கூலிக்கு ஏறுனது. சாமி கும்பிட வந்தது இன்னைக்குத்தானே."

அவள் முகம் மாறிவிட்டது. திரும்பிப் போய்க் கயிற்றைப் பிடித்தாள். "இது அரிசி மூட்டைக்கு" என்று அடித்தாள். "இது சீமெந்துக்கு. இது கேஸ் சிலிண்டருக்கு." பின்னால் வரிசை நின்றது. எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. அடுத்து நின்ற சிங்கள அம்மா என்னவென்று கேட்க, செல்வி சிங்களத்தில் சொன்னாள். அந்த அம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

செல்வி தூங்கிவிட்டாள். நாளைக்கு எனக்குச் சீனி மூட்டை. மேலே இறக்கி வைத்ததும், யாரும் பார்க்காவிட்டால், மணியை ஒரு தடவை அடித்துப் பார்க்கலாம்.